சரிவு நிலத்துக்கு டிராக்டரும் புல்வெட்டியும்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் வட்டாரத்து நிலம் இரண்டு வகை. ஆலத்தூர் கேட்டிலிருந்து ஊருக்கு வரும் சாலையின் இருபக்கமும் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி என்று மாறி மாறி விளையும் கரிசல் ஒரு வகை. தண்டாயுதபாணி கோயில் நிற்பது போன்ற குன்றுகளின் அடிவாரத்திலும், பச்சைமலையை நெருங்க நெருங்கவும் எழும் சரளை மேடுகள் இன்னொரு வகை. மேட்டில் தண்ணீர் தங்காது, வெங்காயம் சரிப்படாது. மழை பெய்தால் புல் மட்டும் தாராளமாக வரும். ஆடு, மாடு, அபூர்வமாகக் குதிரை வளர்ப்பவர்களுக்கு அந்தப் புல்தான் கையிருப்பு. அதை வெட்டவும், முள்ளும் பார்த்தீனியமும் மண்டாமல் வைத்திருக்கவும் இயந்திரம் வேண்டியிருக்கிறது. கரிசலில் நன்றாக உழைக்கும் டிராக்டர் இந்த மேட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அஜாக்கிரதையாக ஏற்றினால் ஆளையே கொன்றுவிடும்.

டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்றுதான். சரிவு நிலத்தில் அது நான்காவது கேள்வி. நிலத்தின் சாய்வு எவ்வளவு, வண்டியின் எடை எந்த உயரத்தில் குவிகிறது, சக்கரங்களுக்கு இடையே அகலம் எவ்வளவு என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு அதைக் கேட்டால் போதும்.

சாய்வைக் கண்ணால் மதிப்பிட முடியாது. மேட்டின் அடியில் நின்று பார்த்தால் செங்குத்தாகத் தெரியும். உச்சியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். அளப்பதற்கு 10 அடி நீள நேர்ச்சட்டம் ஒன்றும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும், டேப்பும் போதும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப்பக்கத் தரையில் வைத்து, மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். ரசமட்டத்தின் குமிழ் நடுவுக்கு வந்ததும், தூக்கிய முனையிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். 1 அடி 9 அங்குலம் வந்தால் சாய்வு 10 டிகிரி. 2 அடி 8 அங்குலம் என்றால் 15 டிகிரி. 3 அடி 8 அங்குலம் என்றால் 20 டிகிரி. நிலத்தின் சராசரிச் சாய்வு இதில் முக்கியமில்லை. வண்டி ஓட வேண்டிய பாதையிலேயே மோசமான இடம் எதுவோ, அந்த இடத்துக் கணக்குதான் செல்லும்.

ஒரு வண்டியின் முழு எடையும் ஒரே புள்ளியில் இருந்து கீழே இழுப்பதாகக் கொள்வது இயற்பியலின் வழக்கம். அந்தப் புள்ளி ஈர்ப்பு மையம். அதிலிருந்து நேர் கீழே இறக்கிய கோடு, சக்கரங்கள் தரையில் அடைக்கும் பரப்புக்குள் விழும்வரை வண்டி நிற்கும். வெளியே விழுந்த கணத்தில் கவிழும். பின் சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 120 சென்டிமீட்டர் அகலமும், தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள டிராக்டரை எடுத்துக்கொள்வோம். பாதி அகலம் 60, உயரம் 70. இந்த விகிதத்தின்படி, சுமார் 40 டிகிரி சாயும்வரை அது நிற்க வேண்டும்.

நிஜத்தில் நிற்காது. டிராக்டரின் முன் அச்சு உடலோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருப்பதில்லை. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அது நடுவில் ஒரு முளையில் தொங்கி ஊசலாடுகிறது. ஆகவே பக்கவாட்டில் சாயத் தொடங்கும்போது முன் சக்கரங்கள் உதவிக்கு வருவதில்லை. வண்டியைத் தாங்குவது இரு பின் சக்கரங்களும் அந்த முளையும் சேர்ந்த ஒரு முக்கோணம். கார் நாற்கரத்தின் மேல் நிற்கிறது, டிராக்டர் முக்கோணத்தின் மேல் நிற்கிறது. ஈர்ப்பு மையம் இருக்கும் இடத்தில் அந்த முக்கோணத்தின் அகலம் பின் சக்கர அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 40 டிகிரி என்பது 30-க்கும் 35-க்கும் இடையே இறங்கிவிடுகிறது.

அதுவும் அசையாமல் நிற்கும் வண்டிக்கு, வழவழப்பான தரையில். மேல்பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் கல்லின் மேல் ஏறினால் சாய்வில் 7 டிகிரி கூடும். கீழ்ப்பக்கச் சக்கரம் அதே அளவு குழியில் இறங்கினால் இன்னொரு 7. எலி வளையோ, மழைநீர் அறுத்த ஓடையோ புல் மூடிக்கிடக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்லும் குழியும் ஒரே நேரத்தில் நேர்ந்தால் 15 டிகிரிச் சரிவு 29 டிகிரி ஆகிவிடும். இத்தோடு வளைவையும் சேர்க்க வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மீட்டர் ஆரத்தில் டிராக்டரைத் திருப்பினால், வெளிப்பக்கம் தள்ளும் விசை 13 டிகிரிச் சாய்வுக்குச் சமம். மேட்டுப்பக்கம் நோக்கித் திருப்பும்போது அந்த விசை சரிவின் கீழ்ப்பக்கமாகவே தள்ளும். மூன்றையும் கூட்டினால் எந்த டிராக்டரும் நிற்காது. வேகம் பாதியானால் இந்த விசை நான்கில் ஒரு பங்காகும் என்பதுதான் ஒரே ஆறுதல்: மணிக்கு 5 கிலோமீட்டரில் அதே திருப்பம் வெறும் 3 டிகிரிக்குச் சமம். சரிவில் மெதுவாக ஓட்டு என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

இதிலிருந்து ஒரு வரம்பு கிடைக்கிறது. 10 டிகிரி வரை டிராக்டர் தாராளமாக ஓடலாம். 10 முதல் 15 வரை அகலச் சக்கரமும் பழகிய கையும் இருந்தால் ஓடலாம். அதற்கு மேல் டிராக்டரை ஏற்றவே கூடாது. அங்கே கையில் பிடித்து வெட்டும் கருவிக்கும் ஆட்டு மந்தைக்கும்தான் வேலை.

அகலம் என்ற விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு முரண்பாடு உண்டு. சந்தையில் கிடைக்கும் 15 முதல் 25 குதிரைத்திறன் மினி டிராக்டர்கள் பெரும்பாலும் பருத்தி வரிசைகளுக்கு நடுவிலும் திராட்சைத் தோட்டத்திலும் நுழைந்து வரும்படி குறுகலாகச் செய்யப்பட்டவை. பருத்திக் காட்டில் அந்தக் குறுகல் ஒரு நல்ல குணம். மேட்டில் அதுவே குறை. பின் சக்கர அகலம் 90 சென்டிமீட்டராகக் குறையும்போது, ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டருக்கு இறங்கியிருந்தாலும், பெரிய டிராக்டரை விட அது சீக்கிரமே கவிழும். சிறிய வண்டி என்பதாலேயே பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. நல்ல வேளையாக, பல மாடல்களில் பின் சக்கரத் தட்டைக் கழற்றி உள்ளுக்கு வெளியாகத் திருப்பி மாட்டினால் அகலம் கணிசமாகக் கூடும். எந்தெந்த அளவுக்கு மாற்றலாம் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். மேட்டுக்கென்று வாங்குபவர் ஷோரூமிலேயே அதிகபட்ச அகலத்தில் மாட்டித் தரச் சொல்ல வேண்டும். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவதும் உதவும். நடுத்தர டிராக்டரில் ஒரு டயருக்கு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும், அந்த எடை முழுவதும் அச்சின் உயரத்தை ஒட்டியே தங்குவதால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும். பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கியபடி சரிவில் போவது இதற்கு நேர் எதிரான வேலை.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில் உழவுக்கும் புல்வெட்டுக்கும் ஒத்துப்போகாது. மண் அரிப்பைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்பது பாலபாடம். மேலும் கீழுமாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி, ஐப்பசி கார்த்திகை மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். டிராக்டர் கவிழாமல் இருக்கவோ மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், ஏனென்றால் வண்டியின் நீளம் அதன் அகலத்தைவிட அதிகம். மண்ணைக் காக்கப் போனால் உயிருக்கு ஆபத்து, உயிரைக் காக்கப் போனால் மண்ணுக்குக் கேடு. இந்தச் சிக்கலுக்கு நேர்மையான தீர்வு ஒன்றே ஒன்று: 10 டிகிரியைத் தாண்டிய நிலத்தை உழவே வேண்டாம். நிரந்தரப் புல்லுக்கு விட்டுவிட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புல்வெட்டி மண்ணைக் கிளறுவதில்லை என்பதால், அதை மேலும் கீழுமாக ஓட்டினாலும் அரிப்பு வராது. மேட்டு நிலத்தைப் புல்லாகவே வைத்திருப்பதற்குத் தீவனத்தைவிட இதுவே வலுவான காரணம்.

மேலும் கீழுமாக ஓட்டுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. முன் சக்கரம் தூக்கி வண்டி பின்னோக்கிப் புரள்வது. எஞ்சின் பின் சக்கரத்தைச் சுழற்ற முயலும்போது, சக்கரம் கல்லிலோ குழியிலோ சிக்கிச் சுழல மறுத்தால், அதே திருகுவிசை வண்டியின் உடலை அச்சைச் சுற்றித் தூக்கும். ஏற்றத்தில் முன்பாரம் ஏற்கெனவே குறைந்திருப்பதால் இது சுலபமாக நடக்கும். தூக்கத் தொடங்கியதிலிருந்து முழுதாகப் புரள ஒன்றரை நொடிதான். இழுக்கும் சங்கிலியை, வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மாட்டாமல், அதற்கு மேலே அச்சிலோ, கருவியின் மேல் இணைப்புக் கையான டாப் லிங்கிலோ மாட்டுபவர்கள் இந்த விபத்தைத் தாங்களே வரவழைக்கிறார்கள். கட்டும் இடம் உயர உயர, பாரம் வண்டியைப் பின்னுக்கு இழுத்துச் சாய்க்கும்.

இந்தப் பிரச்சினையை இயந்திர அமைப்பாலேயே தணித்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். அதற்கு முன் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் வண்டிபோல் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் மோதினால் டிராக்டர் தலைகீழானது. ஃபெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் முறையும் மூன்று முனை இணைப்பும் கலப்பையை டிராக்டரின் உறுப்பாகவே ஆக்கின. கீழே இரண்டு கைகள் இழுக்கும். மேலே உள்ள டாப் லிங்க், கலப்பை தரையில் சிக்கும்போது முன்னோக்கித் தள்ளி முன் சக்கரத்தைத் தரையில் அழுத்தும். 1939-இல் ஹென்றி ஃபோர்டுடன் சேர்ந்து வெளியிட்ட 9என் டிராக்டரோடு இந்த முறை உலகமெங்கும் பரவியது. இன்று 15 குதிரைத்திறன் மினியிலிருந்து பெரிய டிராக்டர் வரை எல்லாவற்றின் பின்புறமும் இருப்பது அதுவே. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாசி ஃபெர்குசன் வண்டிகளில் அவர் பெயரும் நிலைத்திருக்கிறது.

இறக்கத்தில் இடர் வேறு. சாதாரண டிராக்டரில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும். இறங்கும்போது எடை முன்னோக்கி நகர்ந்து பின் சக்கரத்தின் பிடி தளரும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சரளைமேல் வழுக்கும். உருண்டைச் சரளை நிறைந்த செம்மண் மேட்டில் இது அடிக்கடி நேரும். ஏறும்போது எந்தக் கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நடுவில் கிளட்சை மிதிக்கவோ கியரை மாற்றவோ கூடாது. இடது வலது பிரேக் பெடல்கள் இரண்டையும் கொக்கியால் இணைத்து வைத்திருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மேட்டில் தனி மதிப்பு வருவது இங்கேதான். அதைப் போட்டுவிட்டு இறங்கும்போது எஞ்சினின் தடை முன் சக்கரத்தையும் பிடிக்கிறது. பாரம் இருக்கும் இடத்திலேயே பிடிமானம் கிடைக்கிறது. ஏறுவதற்காக 4 வீல் டிரைவ் வாங்குகிறேன் என்பார்கள். அது உயிரைக் காப்பது பெரும்பாலும் இறங்கும்போது.

இனி குதிரைத்திறன். 75 கிலோ எடையை நொடிக்கு 1 மீட்டர் உயர்த்தும் திறனே மெட்ரிக் முறையில் 1 குதிரைத்திறன். டிராக்டர், கருவி, ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்து 1,200 கிலோ என்றால், 10 டிகிரி ஏற்றத்தில் வண்டியை மேலே தள்ள சுமார் 210 கிலோ விசை வேண்டும். புல் வெட்டும் வேகமான மணிக்கு 4 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 1.1 மீட்டரில், அது 3 குதிரைத்திறன். புல்தரையில் சக்கரம் உருள்வதற்கு ஒன்றரை. டயர் வழுக்கலிலும் கியர் பெட்டியிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் எஞ்சின் பக்கத்தில் இவை 7 ஆகும். பின்னால் மாட்டும் புல்வெட்டியான ஸ்லாஷர் 1.2 மீட்டர் அகலம் என்றால் அதற்கு 8. மொத்தம் 15. அடர்ந்த புல் வரும்போது எஞ்சின் திணறாமல் இருக்க மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு வைத்தால் 20. ஆக, சில ஏக்கர் மேட்டுப் பண்ணைக்கு 20 முதல் 25 குதிரைத்திறன் போதும். குபோட்டாவின் நியோஸ்டார், மகிந்திராவின் ஜீவோ போன்ற 4 வீல் டிரைவ் மினிகள் இந்த அளவில் கிடைக்கின்றன. உழவுக்கு ஊரில் ஓடும் 35 முதல் 50 குதிரைத்திறன் வண்டிகள் இரண்டு டன்னை ஒட்டிய எடை கொண்டவை. மேட்டில் அந்த எடையை ஏற்றி இறக்கவே டீசலில் ஒரு பங்கு போய்விடும், ஈர மண்ணும் இறுகிப்போகும்.

இந்த நிலத்தில் புல் உயரும் காலமும் தரை இளகும் காலமும் ஒன்றே. பெரம்பலூர் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. புல்லைக் கட்டாயம் வெட்ட வேண்டிய நவம்பரில்தான் சரிவு வழுக்கும், கரிசல் சேறாகி டயர்ப் பற்களை அப்பிக்கொள்ளும். பற்கள் அடைபட்ட டயர் வழவழப்பான உருளைதான். மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்த பிறகு, அதுவும் பனி உலர்ந்த பின் வெட்டத் தொடங்குவதே சரி.

ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரும்பு வளையமான ரோல் பார், கவிழ்ந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவில் ஆள் நசுங்காமல் இடம் விடுகிறது. ஸ்வீடன் 1959 முதல் புதிய டிராக்டர்களில் இதைக் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து சாவோர் எண்ணிக்கை அங்கே அடியோடு குறைந்தது. நம் சாலைகளில் ஓடும் டிராக்டர்களில் அது பெரும்பாலும் இல்லை. மேட்டுக்கு வாங்குபவர் ஸ்டீரியோவும் அலங்காரப் பந்தலும் கேட்பதற்கு முன் ரோல் பாரும் இடுப்புப் பட்டையும் கேட்டுப் பெற வேண்டும். பட்டை கட்டாமல் ரோல் பார் மட்டும் இருந்தால் ஆள் தூக்கி எறியப்பட்டு அந்த இரும்பின் அடியிலேயே சிக்கக்கூடும்.

கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டும் இதே அளவு கவனத்துக்குரியது. அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்கிறது. 35 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டு அந்த வேகத்தில் ஒரு நொடிக்குள் 1 மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். தோளில் தொங்கும் துண்டின் நுனியோ, வேட்டி மடிப்போ, சேலைத் தலைப்போ தொட்டால் உதறி எடுக்க அவகாசமே கிடையாது. தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறையை உடைந்ததும் கழற்றி எறிந்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது. உறை இல்லாத தண்டோடு எந்தக் கருவியையும் ஓட்டக் கூடாது.

புல் வெட்டும் கருவிகள் இரண்டு தத்துவங்களில் இயங்குகின்றன. ஒன்று கத்தரிக்கோல் முறை: அசையாத பல்லுக்கும் ஓடும் கத்திக்கும் நடுவில் தண்டு சிக்கி அறுபடும். கட்டர் பார் எனப்படும் பட்டைவெட்டி இந்த வகை. மீட்டர் அகலத்துக்கு ஒன்றரைக் குதிரைத்திறனே கேட்கும். தண்டை நசுக்காமல் முழுசாகச் சாய்த்துப் போடும். வைக்கோல்போல் காய வைக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒரு கல் சிக்கினால் கத்திப் பல் உடையும், கூர் மங்கினால் புல்லை மென்று துப்பும். மற்றது மோதல் முறை: எதிர்ப்பல் எதுவும் இல்லாமல், வேகத்தாலேயே வெட்டுவது. புல் வளைந்து தப்பிப்பதற்குள் அறுக்க வேண்டும் என்பதால் கத்தி நுனி பயங்கர வேகத்தில் சுழல வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ஸ்லாஷரில் அந்த வேகம் நொடிக்கு 70 மீட்டர், மணிக் கணக்கில் சொன்னால் 250 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்ட சரளைக்கல் நெடுந்தூரம் பறக்கும். சரிவில் வெட்டும்போது கீழ்ப்பக்கத்தில் ஆளோ ஆடோ இருக்கவே கூடாது. ஸ்லாஷரின் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரை அறுந்திருந்தால் அதைச் சரிசெய்து மாட்டிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

ஸ்லாஷர், முள்ளும் புதரும் கலந்த காட்டைத் துப்புரவு செய்ய ஏற்றது. வட்டு வகை மோவர் மீட்டருக்கு 7 குதிரைத்திறன் அளவில் தீவனத்தைச் சுத்தமாக வெட்டும். படுக்கை உருளையில் சிறு சுத்தியல்கள் தொங்கும் ஃப்ளெயில் மோவர் மீட்டருக்கு 13 குதிரைத்திறன் வரை விழுங்கும், ஆனால் கல்லைத் தன் கூட்டுக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும். வெட்டியதைப் பொடியாக்கி நிலத்திலேயே பரப்பும். சரளை மேட்டைப் பராமரிக்க இதுவே பாதுகாப்பானது. அதில் வெட்டிய புல் தீவனத்துக்கு ஆகாது.

15 டிகிரிக்கு மேல், பாறைக்கு நடுவில், வேலி ஓரத்தில் எல்லாம் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான். மெல்லிய புல்லுக்கு நைலான் நரம்பு, கம்பு நேப்பியர் போன்ற தடித்த தண்டுக்குப் பல் கத்தி என்று மாற்றிப் பூட்டலாம். ஓட்டுபவர் சரிவுக்குக் குறுக்கே நடந்து, புல் கீழ்ப்பக்கம் விழும்படி வீச வேண்டும். கண்ணாடியும் பூட்சும் இல்லாமல் தொடக் கூடாது.

வெட்டிய புல்லை எந்தப் பிராணி தின்னப்போகிறது என்பதும் கருவியைத் தீர்மானிக்கிறது. மாட்டுக்கு என்றால் தண்டாக வெட்டிச் சாஃப் கட்டரில் நறுக்கிப் போடலாம். குதிரைக்குக் கணக்கு வேறு. அதன் இரைப்பை சிறியது; குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மென்று தின்னும்படி உடல் அமைந்திருக்கிறது. இயந்திரம் பொடித்துக் கக்கிய பச்சைப் புல்லைக் குவித்து வைத்தால் குதிரை மெல்லாமல் விழுங்கும். குவியல் சில மணி நேரத்தில் சூடாகிப் புளித்துவிடும். தொண்டை அடைப்பும் உயிரைக் குடிக்கும் வயிற்றுவலியும் இப்படித்தான் வருகின்றன. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஆசைப்பட்டுக் குதிரை வாங்கி வருபவர்கள், மாட்டுக்குப் போடுவதையே இதற்கும் போட்டால் என்ன என்று நினைப்பதுண்டு. நினைக்கக் கூடாது.

புல்லின் வகையிலும் இந்த வேறுபாடு உண்டு. கொறங்காடுகள் எனப்படும் கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலங்களை வளமாக்கும் கொழுக்கட்டைப் புல் வறட்சியைத் தாங்கும், மேட்டு மண்ணில் வேரூன்றும், காங்கேயம் மாட்டை வளர்த்த புல் அது. அதிலும் கம்பு நேப்பியரிலும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் அசையூண் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். அந்த இரைப்பை இல்லாத குதிரையின் குடலில் அது கால்சியத்தோடு பிணைந்து, கால்சியம் உடலில் சேராமல் தடுக்கும். மாதக்கணக்கில் இந்தப் புல்லை மட்டுமே தின்றால், உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ, முகத்து எலும்பு மிருதுவாகி வீங்கும்; நடை நொண்டும். தவிடு நிறையப் போட்டால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. குதிரைமசாலோ வேலிமசாலோ கலந்து கொடுப்பதும், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் சுண்ணாம்புச் சத்துச் சேர்ப்பதும் இதற்கு மாற்று. பச்சைத் தீவனச் சோளத்தைத் தொடர்ந்து மேயும் குதிரைக்குப் பின்னங்கால் தள்ளாட்டமும் சிறுநீர்ப்பைச் செயலிழப்பும் வரக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

குதிரை மேயும் நிலத்தை வெட்டிவிட வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாணம் போட்ட இடத்துப் புல்லைக் குதிரை தொடாது. மற்ற இடத்தை ஒட்ட ஒட்ட மேயும். சில மாதங்களில் ஒரு பக்கம் மொட்டைத் தரையும் மறுபக்கம் முற்றிய புல்லும் பார்த்தீனியமுமாக நிலம் திட்டுத்திட்டாகிவிடும். மந்தையை அடுத்த அடைப்புக்கு மாற்றியதும் முழு நிலத்தையும் 4 அங்குல உயரத்தில் வெட்டிச் சமமாக்கினால், புல் ஒரே சீராகத் துளிர்க்கும். அதற்குக் கீழே வெட்டினால் குருத்து போய்ச் சரளை தெரியத் தொடங்கும். சரளை தெரிந்த சரிவில் அடுத்த மழை ஓடை வெட்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், பூத்த பின் வெட்டினால் விதையைப் பரப்பியதாகவே ஆகும்.

இத்தனைக்கும் ஆகும் நேரம் எவ்வளவு? 1.2 மீட்டர் அகலக் கருவி மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், திருப்பங்களில் கால் பங்கு நேரத்தை இழந்தால், மணிக்கு முக்கால் முதல் ஒரு ஏக்கர் வெட்டும். 3 ஏக்கர் மேட்டை வருடத்துக்கு நான்கு முறை வெட்ட 16 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதற்காக மட்டும் சில லட்சம் ரூபாய் போட்டு டிராக்டர் வாங்குவது புத்திசாலித்தனமில்லை. வெங்காயக் காட்டிலும் தீவனக் காட்டிலும் அதே வண்டிக்கு வேலை இருந்தால்தான் சொந்த டிராக்டர் கட்டும். மற்றவர்களுக்கு மணி வாடகை வண்டியும் சொந்தப் பிரஷ் கட்டரும் போதும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களை உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். வாங்கத்தான் வேண்டும் என்றால், 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் மகளிருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு; இயந்திர வகைக்கேற்ப உச்சவரம்பு மாறும்.

பழைய வண்டி வாங்குபவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதோடு நிற்காமல், பிரேக் இரண்டும் சமமாகப் பிடிக்கிறதா, ஸ்டீயரிங்கில் ஆட்டம் எவ்வளவு, முன் அச்சின் முளை தேய்ந்து அச்சு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த முளை, சரிவில் முதல் சாய்வுக்கே வண்டியை இன்னும் கொஞ்சம் தாழ விடும். ஸ்லாஷர் கத்தியைத் தீட்டும்போது இரண்டையும் ஒரே எடைக்குத் தீட்ட வேண்டும். ஒன்று மட்டும் லேசானால் அதிர்வு கியர் பெட்டியின் பேரிங்கை உடைக்கும். கத்தி போல்ட்டுகளை ஒவ்வொரு முறை வெட்டும் முன்னும் முறுக்கிப் பார்ப்பதும், ரேடியேட்டர் வலையில் அடைத்த புல் தூசியை மணிக்கொருமுறை இறங்கித் தட்டிவிடுவதும் ஓட்டுபவரின் வேலை. மேட்டில் மெதுவாக, பாரத்தோடு ஓடும் எஞ்சின் சமதளத்தைவிடச் சீக்கிரம் சூடாகும்.